கும்ப ராசிக்கு ஓர் ஆள் தேவை

ஓர் உயிர் தாயின் வயிற்றில் வந்து அமரும் கணத்தைத் தேவர்களாலும் அறிய முடியாது என்றிருந்த யுகம் முடிந்துவிட்டது. இருளில் தடுமாறிய மனித இனம், எத்தனையோ ஆயிரம் ஆண்டுக் காத்திருப்புக்குப் பின், படைப்பின் வாசலிலேயே காவலுக்கு உட்கார்ந்துகொண்டது. உட்கார்ந்த இடம், கோயம்புத்தூரில் சிங்காநல்லூர்ப் பக்கம் ஓர் அடுக்ககத்தின் நான்காவது மாடியில், 4-பி வீட்டு டாய்லெட்.

அதற்குப் பெயர் சுபம். வெள்ளை வெளேரென்று, மற்ற டாய்லெட்டுகளைப் போலத்தான் இருக்கும். முன்னால் விரித்த மிதியடியில் பாதம் பட்டதும் வந்திருப்பது யாரென்று தெரிந்துகொள்ளும். அவர் போன பிறகு, போனதை ஆராயும். சர்க்கரை எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று செய்தி வாசிப்பவர் குரலில், சுத்தத் தமிழில் சொல்லும். இருபத்தோராம் நூற்றாண்டின் அறுபதுகளில் அது விற்றுத் தீர்ந்தது இதற்காக அல்ல. கரு கருப்பைச் சுவரில் ஒட்டிய அன்றைக்கே கண்டுபிடித்துவிடும் என்பதற்காக. பெண்ணுக்கு நாள் தள்ளிப் போவதற்கு வெகு முன்பே, அவளுக்கு ஒரு சந்தேகம்கூடத் தட்டாதபோதே, நாதஸ்வரம் வாசித்து அறிவித்துவிடும்.

4-பி வீட்டின் தலைவர் தினேஷ்பாபு. குடியிருப்போர் நலச் சங்கத்துக்கும் அவரே தலைவர். பம்பு கம்பெனியில் பொது மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். லிப்ட்டில் ஏறினாலும் அதைத் தலைமையேற்று நடத்துகிற மாதிரிதான் ஏறுவார். அறுபது வீட்டுக்கும் மொத்தமாகச் சுபத்தை வாங்கிப் போட்டது அவருடைய ஆட்சிக் காலத்துச் சாதனை. அதற்கான கல்வெட்டு கீழே தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது.

அவருடைய மருமகள் நிலானி, போன ஆவணியில் ஒரு திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குப் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது, சுபம் நாதஸ்வரம் வாசித்தது.

"நிலானி அவர்கள் கருவுற்றிருக்கிறார். நல்வாழ்த்துகள்."

வாயில் நுரையோடு அவள் கேட்டுக்கொண்டாள். கதவுக்கு வெளியே செய்தித்தாளோடு முறைக்குக் காத்திருந்த மாமனாரும் கேட்டுக்கொண்டார். கணவன் ருத்விக்குக்கு மூன்றாவதாகத்தான் தெரிந்தது. பத்து மணிக்குள் அறுபது வீட்டுக்கும் நெய் மைசூர்பாகு போய்விட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, வழக்கமான தேதியில், அவளுக்கு வழக்கம்போல வந்துவிட்டது.

பழைய காலமாக இருந்திருந்தால் இது ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமை. கொஞ்சம் வயிற்றுவலி, ஒரு மாத்திரை, அவ்வளவுதான். இப்போது அது சாவு ஆகிவிட்டது. மைசூர்பாகு வாங்கிச் சாப்பிட்டவர்கள் துக்கம் விசாரிக்க வராமல் இருப்பது மரியாதையில்லையே என்று அறுபது வீட்டாரும் வந்தார்கள். ஆப்பிள் வந்தது, சத்துமாவு வந்தது. மூன்றாவது மாடி அம்மாள் ஒருத்தி, "நீ வண்டில ரொம்ப அலையறே கண்ணு, அதான்" என்று காரணத்தையும் கையோடு கொண்டுவந்து வைத்தாள். சுபம், "ஆழ்ந்த அனுதாபங்கள்" என்றது. கூடவே இரும்புச்சத்து போதாது என்றது. நிலானி ஒரு வாரம் லிப்ட்டைத் தவிர்த்துப் படியில் போனாள். படியிலும் அனுதாபம் இருந்தது.

"தப்பு மெசின்ல இல்லீங்க" என்று அடுத்த சங்கக் கூட்டத்தில் தினேஷ்பாபு கண்டறிந்து சொன்னார். "திங்கக்கெழம எட்டு மணி. சுத்தமான ராகு காலம். அந்நேரத்துல சொன்னா எதுதான் நிக்கும்?"

கம்பெனிக்கு இப்படி நிறையப் புகார்கள் போயிருக்க வேண்டும். மாசி பிறப்பதற்குள் பஞ்சாங்க வசதி வந்துவிட்டது. இனிமேல் அன்றாடச் சர்க்கரை, உப்புக் கணக்கைத் தவிர, சுபம் எதைக் கண்டுபிடித்தாலும் உடனே உளறாது. வீட்டிலுள்ள எல்லோருடைய ராசிக்கும் ஒத்துவருகிற நல்ல நேரம் வரும்வரை வாயை மூடிக்கொண்டு, பக்கவாட்டில் ஒரு பச்சை விளக்கை மட்டும் எரியவிடும். சேதி இருக்கிறது, நேரம் இல்லை என்று அர்த்தம். தினேஷ்பாபு முதல் ஆளாக அதைப் பொருத்திக்கொண்டார்.

நிலானியும் மனசுக்குள் ஒன்றைப் பொருத்திக்கொண்டாள். நாள் தள்ளிப் போகட்டும், அதற்கப்புறமும் கொஞ்ச நாள் போகட்டும், அப்போது நானே பார்த்துக்கொள்கிறேன். அதற்கு முன்னால் எந்தப் பீங்கானும் எனக்குச் சேதி சொல்ல வேண்டாம். அன்றிலிருந்து அவள் பகலில் ஆபீஸையும், காலையிலும் மாலையிலும் தெருமுனைச் சார்ஜிங் ஸ்டேஷனின் பொதுக் கழிப்பறையையும் நம்பி வாழ்ந்தாள். வண்டிக்குச் சார்ஜ் ஏற்றப் போகிறேன் என்பாள். அந்த அடுக்ககத்திலேயே எப்போதும் முழுச் சார்ஜில் இருந்த வண்டி அவளுடையதுதான்.

ஒரு நாள் காலை, ஸ்டேஷன் கழிப்பறைக் கதவைத் திறந்து வெளியே வந்தால் எதிரே மாமியார் கிருத்திகா, காய்கறிப் பையோடு வரிசையில் நிற்கிறார்.

"அத்தை, நீங்க எங்க இங்க?"

"நீ எங்க இங்க?"

பின்னால் நின்ற பெண், "உள்ள போறீங்களா இல்லீங்களாக்கா?" என்றாள். கிருத்திகா பையை மருமகளிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய் வந்தார். வந்து, கையைத் துடைத்தபடி சொன்னார்:

"நான் ஆறு மாசமா இங்கதான் வர்றேன். வீட்ல போனா, 'நேற்றிரவு ஊறுகாய் உட்கொண்டிருக்கிறீர்கள்'ங்குது. அதை வெளிய உக்காந்து கேட்டுட்டு உங்க மாமா, 'ஏன் கிருத்தி'ங்கறாரு. ஒரு ஊறுகாய் திங்கறதுக்கு எனக்குச் சுதந்திரம் வேண்டாமா?"

நிலானி சிரித்தாள். சிரிக்க ஆரம்பித்தது பாதியில் வேறாகிவிட்டது. சார்ஜிங் ஸ்டேஷனில் காய்கறிப் பையைக் கட்டிக்கொண்டு அழுகிற பெண்ணை வண்டிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கிருத்திகா அவளை ஓரமாகக் கூட்டிப் போனார்.

"எனக்கும் ருத்விக்குக்கு முன்னாடி ரெண்டு தடவை நாள் தள்ளிப் போயி, அப்பறம் வந்துச்சு. அது அதுதானா, இல்ல வெறும் அலைச்சலான்னு யாருக்குத் தெரியும்? தலைக்கு ஊத்தீட்டு பேங்குக்கு வேலைக்குப் போயிட்டேன். நான் அழவும் இல்ல, எவளும் ஆப்பிள் வாங்கீட்டு வரவும் இல்ல."

"தெரிஞ்சிருந்தா அழுதிருப்பீங்களா அத்தை?"

"தெரிஞ்சிருந்தா இன்னும் அழுதுட்டிருப்பேன்."

"அப்பெல்லாம் எப்பதான் பார்ப்பீங்க?"

"நாள் தள்ளிப் போகோணும். அப்பறம், காலைல எந்திரிச்சதும் மொத ஒண்ணுக்கு, அட்டைல நாலு சொட்டு. அவசரப்பட்டு முன்னாடியே பார்த்தா அட்டையும் பொய் சொல்லும், மனசும் பொய் சொல்லும்."

அன்று மாலை நிலானி மருந்துக் கடையில் அந்த அட்டையைக் கேட்டாள். கடைக்காரர் அடித்தட்டில் தேடி எடுத்துத் தூசி தட்டியவாறு, "வீட்டு டாய்லெட் ரிப்பேருங்களா?" என்றார். ஆமாம் என்று சொல்லி வாங்கி வந்தாள்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. பங்குனியில் ஒரு விடிகாலை, தூக்கக் கலக்கத்தில், கால் பழகிய வழியில் போய்விட்டது. எழுந்து நின்ற பிறகுதான் எங்கே உட்கார்ந்திருந்தோம் என்பது அவளுக்கு உறைத்தது. மிதியடியைப் பார்த்தாள். அது அவளைப் பார்த்துவிட்டிருந்தது.

அன்று சாயங்காலம் பச்சை விளக்கு எரிந்தது.

தினேஷ்பாபு உடனே வாடிக்கையாளர் சேவைக்குப் பேசினார். எல்லோரும் கேட்க வேண்டும் என்பதற்காக ஒலிபெருக்கியில் போட்டார்.

"வணக்கம் சார், சுபம் சேவை மையம்."

"நான் குடியிருப்போர் நலச் சங்கத் தலைவர் பேசறனுங்க."

"சொல்லுங்க சார்."

"அறுபது வீடு."

"சொல்லுங்க சார்."

"எங்க வீட்ல வெளக்கு எரியுதுங்க. என்ன சேதி?"

"அது எங்களுக்குத் தெரியாது சார். மெசினுக்கு மட்டுந்தான் தெரியும். நல்ல நேரம் வந்தா அதுவே சொல்லும்."

"யாருக்காச்சும் ஒடம்புக்கு ஏதாவது..."

"அப்படி ஆபத்துன்னா நேரம் பார்க்காது சார். நேரா ஆம்புலன்சைக் கூப்பிட்டுரும். இது குடும்ப விஷயம்னு காட்டுது."

"குடும்ப விஷயம்" என்று தினேஷ்பாபு சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தார். புதிதாகக் கட்டி முடித்த பாலத்தைப் பார்ப்பதுபோல நிலானியைப் பார்த்தார். "எப்ப சொல்லும்?"

"வர்ற புதன்கிழமை காலைல நேரம் காட்டுது சார்."

ருத்விக் மெல்ல, "அப்பா, இப்ப எதுக்கு..." என்று தொடங்கினான்.

"நீ சும்மா இரு. உன் வேலை முடிஞ்சுது" என்றார் அவர். "இந்தத் தடவை முறையா, நேரத்தோட, சபை கூட்டித்தான். போன தடவை மாதிரி பல்லு வெளக்கறப்ப இல்ல."

நிலானி சமையலறைக்குள் வந்து நின்றாள். அவளுடைய தேதி அதற்கடுத்த ஞாயிறு. புதன்கிழமை அறுபது வீட்டுக்கும் மைசூர்பாகு, ஞாயிற்றுக்கிழமை அறுபது வீட்டிலிருந்தும் ஆப்பிள். இன்னொரு தடவை அதைத் தாங்க முடியும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. உண்டா இல்லையா என்பதைவிட, உண்டு என்று கேட்டுவிட்டு இல்லை என்று ஆவதுதான் பயமாக இருந்தது.

"வயரைப் புடுங்கிவிட்டுறலாமா அத்தை?"

"புடுங்கினா உங்க மாமா மறுபடி சொருகுவாரு. இரு, யோசிக்கறேன்." கிருத்திகா கொத்தவரங்காயை நறுக்கியபடி யோசித்தார். "அந்த மெசினு சந்திராஷ்டமம் பார்க்குதல்ல?"

"அப்படின்னா?"

"ஒவ்வொரு ராசிக்கும் மாசத்துல ரெண்டேகால் நாளு ஆகாத நாளு. அந்த ராசிக்காரங்க வீட்ல இருந்தா, அந்த நாள்ல அது வாயத் தெறக்காது. நம்ம வீட்ல நாலு பேரு, நாலு ராசி. மீதி எட்டு ராசிக்கும் ஆள் சேர்த்துட்டா?"

நிலானி கணக்குப் போட்டாள். "மாசம் பூராவும் வாயத் தெறக்காது."

"அதேதான்." கத்தியைக் கீழே வைத்தார் கிருத்திகா. "ஆனா குடும்பத் தலைவர் தன் வாயால சொன்னாத்தான் அது ஆளைச் சேர்க்கும். அதை நான் பார்த்துக்கறேன்."

பார்த்துக்கொள்வது சுலபமாகவே இருந்தது.

"ஏனுங்க, நம்ம நாலு பேருக்கு மட்டும் நேரம் பார்த்தா ஆச்சுங்களா? பொள்ளாச்சி மாமா இருக்காரு, உடுமலைச் சின்னம்மா இருக்காங்க. அவங்களுக்கு ஆகாத நேரத்துல சொல்லி, நாளைக்கு அவங்க ஒரு வார்த்தை சொல்லீட்டாங்கன்னா?"

"வாஸ்தவம்" என்றார் தினேஷ்பாபு. "பெரிய குடும்பம்னா அப்படித்தான் பார்க்கோணும்."

அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு டாய்லெட்டின் முன் நின்று, உறவுக்காரர்களை ஒவ்வொருவராக அறிவித்தார். பொள்ளாச்சி மாமா, துலாம். உடுமலைச் சின்னம்மா, மகரம். தாராபுரத்துப் பெரியப்பா பையன், மீனம். "ஏற்றுக்கொள்ளப்பட்டது" என்றது சுபம், ஒவ்வொரு பெயருக்கும். புதன்கிழமை அடிபட்டது. அடுத்த வாரத்து நேரமும் அடிபட்டது. அதற்கடுத்த வாரத்து நேரமும் போயிற்று. கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த நிலானி, ரொம்ப நாளைக்குப் பிறகு நன்றாக மூச்சு விட்டாள். உறவுக்காரர்களால் இப்படியும் ஒரு உபயோகம் இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை.

கடைசியில் ஒரே ஒரு ராசி ஆளில்லாமல் நின்றது. கும்பம். அதனால் மாசத்திலேயே ஒரே ஒரு நல்ல நேரம் மிச்சமிருந்தது. வெள்ளிக்கிழமை காலை ஒன்பதேகால். நிலானியின் ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின வெள்ளி.

குடும்பத்தில் கும்ப ராசிக்காரர் இல்லாமல் இல்லை. தினேஷ்பாபுவின் தம்பி சுரேஷ்பாபு, ஈரோட்டில் இருக்கிறார். அவர் புதுமனைப் புகுவிழாவுக்கு அடித்த அழைப்பிதழில் அண்ணன் பெயருக்குக் கீழே 'தலைவர், குடியிருப்போர் நலச் சங்கம்' என்று போடாமல் விட்டுவிட்டார். அச்சகத்தில் இடம் பற்றவில்லை என்றார். அதோடு பேச்சு நின்றுபோனது.

"கும்பத்துக்கு உங்க தம்பி இருக்காருங்கல்ல" என்றார் கிருத்திகா, ஒன்றுமே தெரியாதவர் போல.

"எவன்?"

"ஈரோட்டுக்காரரு. எப்படியிருந்தாலும் சித்தப்பன் முறை. அவரு பேரையும் ஒட்டுக்கா சேர்த்துட்டீங்கன்னா..."

"கிருத்தி" என்றார் தினேஷ்பாபு, குரலைத் தாழ்த்தி. "அவன் பேரை இந்த வீட்டு டாய்லெட்டுலகூட ஏத்த மாட்டேன்."

வியாழக்கிழமை மாலை நிலானி தானே போய்ப் பேசினாள். அவர் வரவேற்பறையில் உட்கார்ந்து மறுநாள் உரைக்குக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தார்.

"மாமா, யாரையும் கூப்பிட வேண்டாமுங்க. நம்ம வீட்டோட இருக்கட்டும்."

"ஏன் கண்ணு? வெக்கமா?"

"வெக்கம் இல்லீங்க மாமா. இன்னும் நாள்கூடத் தள்ளிப் போகல. போன தடவை மாதிரி ஆயிருச்சுன்னா, என்னால முடியாதுங்க."

தினேஷ்பாபு பேனாவை மூடினார். சங்கத் தலைவர் கொஞ்ச நேரத்துக்கு முகத்திலிருந்து இறங்கிப் போய், வயதான மனிதர் ஒருவர் மட்டும் அங்கே உட்கார்ந்திருந்தார்.

"போன தடவை நீ கதவச் சாத்தீட்டு அழுதப்ப எனக்கு ஒரு வாய் சோறு எறங்கல கண்ணு. அதனாலதான் இத்தனை பேருக்கு ராசி பார்த்து, நேரம் பார்த்து, பெரியவங்க ஆசீர்வாதத்தோட செய்யறேன். இந்தத் தடவை தப்பாது. நான் இருக்கேன்ல?"

கோபப்படுவதற்கு வசதியான ஆளாகக்கூட அவர் இல்லை. தலையாட்டிவிட்டு வந்தாள். அவள் போனதும் சங்கத் தலைவர் திரும்பி வந்து, 'வரலாற்றுச் சிறப்புமிக்க' என்ற தொடரை இன்னோர் இடத்திலும் சேர்த்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை டாய்லெட் கதவில் மாவிலைத் தோரணம் தொங்கியது. அறுபது வீட்டாரும் வந்திருந்தார்கள். வரவேற்பறை நிறைந்து, நடை நிறைந்து, மீதிப் பேர் மாடிப்படியில் நின்றார்கள். கீழே நிற்பவர்களுக்கும் கேட்க வேண்டுமென்று டாய்லெட்டின் பக்கத்தில் ஒரு மைக் வைத்திருந்தார்கள். உடுமலைச் சின்னம்மா நேரில் வந்து, துண்டு போட்ட நாற்காலியில், பீங்கானுக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தார். தினேஷ்பாபு உரையை ஆரம்பித்தார். அறிவியலும் ஆன்மிகமும் கைகோக்கும் இந்தப் பொன்னான தருணத்தில், என்றார். தலைமுறை, என்றார். நிலானி மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்திருந்தாள். ருத்விக் அவள் தோளுக்குப் பின்னால் நின்று, "சாரி" என்று மூன்றாவது முறையாகச் சொன்னான்.

ஒன்பதேகாலுக்கு நாதஸ்வரம் கேட்டது. மூன்றாவது மாடி அம்மாள் குலவை போடத் தயாராக வாயைக் குவித்துக்கொண்டாள்.

"இவ்வில்லத்துக்கு ஓர் அறிவிப்பு" என்றது சுபம்.

பிறகு அறிவித்தது. ஒரே ஒரு வாக்கியம். கணீரென்ற குரல், சுத்தமான உச்சரிப்பு. மைக் வழியாகக் கீழே வண்டி நிறுத்துமிடம் வரைக்கும் ஒரு சொல் விடாமல் கேட்டது. அதில் நிலானியைப் பற்றி எதுவுமே இல்லை.

குவித்த வாயை மூன்றாவது மாடி அம்மாள் எங்கே வைப்பதென்று தெரியாமல் அப்படியே வைத்திருந்தாள். காது மந்தமான உடுமலைச் சின்னம்மா, "என்னாங்குது? என்னாங்குது?" என்று பக்கத்திலிருப்பவர்களைக் கேட்டார், ஒருவரும் திருப்பிச் சொல்ல முன்வரவில்லை. தினேஷ்பாபு குறிப்புத் தாளைப் பார்த்தார். அதில் இதற்கு எதுவும் எழுதியிருக்கவில்லை.

"கல்யாணமான நாள்லருந்து இதைத்தானே நானும் சொல்லீட்டிருக்கேன்" என்றார் கிருத்திகா. அதுவும் மைக்கில் கேட்டது.

செய்த மைசூர்பாகு வீணாகக் கூடாதென்று எல்லோருக்கும் கொடுத்தார்கள். எதற்கு வாழ்த்துவது என்று தெரியாமல் எல்லோரும் வாங்கிக்கொண்டு, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, வேகமாகக் கலைந்தார்கள். ருத்விக் பால்கனிக்குப் போய் வெகுநேரம் தோள் குலுங்க நின்றான். அழுகிறான் என்று நினைத்துப் பின்னாலேயே போன நிலானியும், போன இடத்தில் அவனோடு சேர்ந்துகொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமையே அவசரச் சங்கக் கூட்டம் நடந்தது. தனிமனிதக் கண்ணியம் கருதி அறுபது வீட்டுச் சுபங்களின் குரலையும் நிரந்தரமாக நிறுத்துவது என்று தலைவர் தீர்மானம் கொண்டுவந்தார். அந்தச் சங்கத்தின் வரலாற்றில் ஏகமனதாக நிறைவேறிய முதல் தீர்மானம் அதுதான். குடும்பத் தலைவர்கள் பலர் இரண்டு கையையும் தூக்கினார்கள்.

அந்த ஞாயிறு நிலானிக்கு ஒன்றும் வரவில்லை. அவள் யாரிடமும் சொல்லவில்லை. திங்கள் போயிற்று, செவ்வாய் போயிற்று. அடுத்த ஞாயிறும் போன பிறகு, ஒரு காலை, கதவைத் தாழிட்டுக்கொண்டு பழைய அட்டையில் நாலு சொட்டு விட்டாள். ஒரு கோடு உடனே வந்தது. இன்னொன்று, வரலாமா என்று யோசிப்பது போல மெதுவாக வந்தது. பக்கத்திலிருந்த பீங்கான் தெரிந்தும் தெரியாதது போல இருந்தது. உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது. அவள் அதை எடுத்துக்கொண்டு, அதாவது மனசில் எடுத்துக்கொண்டு, லிப்ட்டில் இறங்கி ஆபீஸுக்குப் போனாள். லிப்ட்டில் மூன்றாவது மாடி அம்மாள் வெயிலைப் பற்றிப் பேசினாள். இரண்டு நாள் அப்படி வைத்திருந்துவிட்டு ருத்விக்கிடம் சொன்னாள். அவன் முதல் ஆளாகக் கேட்டதில் அவனுக்கு அப்படி ஒரு பெருமை. அப்புறம் அத்தையிடம். மூன்று மாதம் முடிந்த பிறகு மாமனாரிடம்.

"சந்தோசம் கண்ணு" என்றார் தினேஷ்பாபு. கண் கலங்கியது. எந்த நேரத்தில் பார்த்தாய், என்ன கிழமை என்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. மைசூர்பாகு அரைக் கிலோ மட்டும் வாங்கி வந்தார், வீட்டுக்கு.

அந்த வெள்ளிக்கிழமை சபை கூடியிருந்த வேளையில் சுபம் அறிவித்தது இதுதான்: குடும்பத் தலைவர் நின்றபடி சிறுநீர் கழிக்கையில் இருக்கைப் பலகையைத் தூக்குவதில்லை.